சிறுத்தைக்கென்று அமைந்த குரல்

பேரணாம்பட்டைச் சுற்றியுள்ள கொல்லைகளிலும் தென்னந்தோப்புகளிலும் கின்னிக்கோழி வளர்ப்பவர்களிடம் அதைப் பற்றிக் கேட்டால், முதலில் கறியையும் முட்டையையும் சொல்ல மாட்டார்கள். சத்தத்தைத்தான் சொல்வார்கள். “பாம்பு வந்தாலும் சரி, தெரியாத ஆளு வந்தாலும் சரி, சும்மா இருக்காதுங்க. ஊரையே கூட்டிடும்” என்பார்கள். பக்கத்துக் கொல்லைக்காரரும் அதே சத்தத்தைப் பற்றித்தான் பேசுவார். ஆனால் அவர் குரலில் அந்தப் பெருமிதம் இருக்காது. விடியற்காலை தூக்கம் போனவரின் அலுப்புதான் இருக்கும்.

இருவரும் சொல்வது உண்மைதான். அந்தச் சத்தம் காதுக்கு இனிமையானது அல்ல. கரகரப்பாக, வெட்டி வெட்டி, ஒன்று தொடங்கினால் கூட்டமே சேர்ந்துகொண்டு நிறுத்தாமல் கத்தும். ஆனால் அந்தக் குரல் இப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நம் தோப்பில் உருவானது அல்ல, ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் முட்காடுகளிலும் உருவானது. அங்கே புதருக்குப் பின்னால் பதுங்கியிருந்த விலங்குகளில் ஒன்று சிறுத்தை. ஆப்பிரிக்கச் சிறுத்தையும் இந்தியச் சிறுத்தையும் ஒரே இனம். பேரணாம்பட்டுக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டி ஏறும் மலைக்காடுகள் கவுண்டின்யா சரணாலயத்தோடு போய்ச் சேர்கின்றன. 1980களில் யானைகள் திரும்பி வந்து குடியேறிய காடு அது. அங்கே வரும் யானைகள் எல்லையைப் பார்ப்பதில்லை, இந்தப் பக்கத்து வாழையையும் மாந்தோப்பையும் மிதித்துவிட்டுப் போகின்றன. வேலூர் மாவட்டக் காட்டோரங்களில் சிறுத்தையும் உண்டு. ஆக, ஆப்பிரிக்காவில் எந்த விலங்கை அஞ்சி இந்தக் கோழியின் தொண்டை உருவானதோ, அதே விலங்கின் எல்லைக்குப் பக்கத்தில்தான் அது இன்று மேய்ந்துகொண்டிருக்கிறது.

முதலில் உருவத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய உருவம் அது. அலகிலிருந்து வாலின் முனை வரை அறுபது சென்டிமீட்டருக்குள் இருக்கும். எடை ஒன்றேகால் ஒன்றரைக் கிலோ. உடம்பு குண்டு, முதுகு கூன், வால் கீழ்நோக்கித் தொங்கும். தலையில் மட்டும் இறகே இல்லை. வெறும் தோல், அதிலும் நீலமும் வெண்மையும் கலந்த நிறம். அலகின் இரு பக்கமும் தொங்கும் தாடி சிவப்பு. உச்சந்தலையில் கொம்பு மாதிரி ஒரு மேடு. உள்ளே எலும்பு, மேலே நகத்தின் பொருளாலான உறை. இந்த மேட்டைத் தலைக்கவசமாகக் கண்டுதான் விலங்கியலார் இதற்குக் கவசத்தலைக் கின்னிக்கோழி என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அறிவியல் பெயர் நூமிடா மெலீக்ரிஸ். அதன் இரண்டாம் பாதி லின்னேயஸ் 1758-இல் தந்தது.

பிறகு அந்தப் புள்ளிகள். சாம்பல் கலந்த கறுப்பு உடம்பு முழுக்க, மார்பிலிருந்து வால் வரைக்கும், மிளகளவு வெண்புள்ளிகள். தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ மாவைத் தெளித்த மாதிரி இருக்கும். தோப்பில் உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகைக் கையில் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் தெளித்தவை அல்ல. நடுத்தண்டுக்கு இரு பக்கமும் வரிசையாக, ஏறக்குறைய சம இடைவெளியில், ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. புள்ளிக்கோலம் போடுகிறவர் முதலில் புள்ளி வைப்பதற்கு விரலால் அளந்துகொள்வார். இந்த இறகில் அளந்தது யார்?

இறகு தோலிலிருந்து நேராகத் தட்டையாக முளைப்பதில்லை. தோலுக்குள் இருக்கும் ஒரு சிறு குழியில் சுருட்டிய குழாயாக வளர்ந்து, வெளியே வந்த பிறகுதான் விரிகிறது. நுனி முதலில் உருவாகும், அடி கடைசியில். அந்தக் குழாய் வளரும்போதே அதன் அடியில் இருக்கும் நிறமிச் செல்கள் கறுப்பை நிரப்பிக்கொண்டே போகின்றன. ஓரிடத்தில் சற்று நேரம் நிறுத்தினால் அங்கே வெள்ளை. மறுபடி தொடங்கினால் கறுப்பு. எனவே இறகின் மேலிருந்து கீழாக நாம் காண்பது ஒரு படம் மட்டுமல்ல, அந்த இறகு வளர்ந்த நாட்களின் பதிவும்கூட. எந்த நேரத்தில், குழாயின் எந்தப் பக்கத்தில் நிறமி நின்றது என்பது அதில் எழுதியிருக்கிறது.

எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எது? கணினியியலின் முன்னோடியான ஆலன் டூரிங் 1952-இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு வேதிப்பொருட்களை அவர் கற்பனை செய்தார். ஒன்று ஒரு வேலையைத் தூண்டும், தன்னையும் பெருக்கிக்கொள்ளும். மற்றொன்று அந்த வேலையைத் தடுக்கும். தடுக்கும் பொருள் தூண்டும் பொருளைவிட வேகமாகப் பரவினால் போதும், எல்லா இடமும் ஒரேமாதிரி இருந்த ஒரு பரப்பில் புள்ளிகளும் கோடுகளும் தாமாகவே உருவாகும் என்று கணக்கில் காட்டினார். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி இன்னொரு புள்ளி எழாதபடி ஒரு வட்டத்தைக் காத்துக்கொள்கிறது. இடைவெளி அப்படித்தான் வருகிறது, யாரும் அளக்க வேண்டியதில்லை. 2002-இல் ரிச்சர்ட் ப்ரம், ஸ்காட் வில்லியம்சன் இருவரும் இதே கணக்கை வளரும் இறகுக் குழாயில் பொருத்திப் பார்த்தபோது, பறவை இறகுகளில் நாம் காணும் புள்ளி, பட்டை, நடுக்கோடு ஆகியவற்றில் பலவற்றைக் கணினியில் வரவழைக்க முடிந்தது. கின்னிக்கோழியின் உடம்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான இறகுகளும் தனித்தனியே தம் குழிக்குள் இந்தக் கணக்கைப் போட்டு முடித்துத்தான் வெளியே வருகின்றன. இதை நினைத்துப் பார்த்த பிறகு அந்தப் பறவையைச் சாதாரணமாகக் கடந்து போக என்னால் முடிவதில்லை.

உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே இஜ்ஜத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் வளர்ப்புக்காகக் காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி என்று மூன்று வகைகளை உருவாக்கியது. கடைசியானது பெயருக்கேற்றபடி வெள்ளை. அதில் புள்ளியும் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு நிரம்பினால்தானே நடுவில் விட்ட இடம் புள்ளியாகும்.

அந்த மொட்டைத் தலைக்கும் வேலை உண்டு. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உடம்பின் இயல்பான வெப்பமே நாற்பது டிகிரியைத் தாண்டி இருக்கும். மே மாதத்து வேலூர் வெயிலும் நாற்பதைத் தாண்டும்போது, இறகுப் போர்வைக்குள் இருக்கும் உடம்புக்குச் சூட்டை வெளியேற்ற வழி குறைவு. வாயைத் திறந்து மூச்சிரைப்பது ஒரு வழி. இறகில்லாத தோல் இன்னொரு வழி. 1970களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டிமோதி குரோவும் பிலிப் விதர்ஸும் இந்தப் பறவையின் மூளை வெப்பத்தை அளந்து ஆராய்ந்தார்கள். உடம்பைவிட மூளையைச் சற்றுக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பறவைகளுக்கு உண்டு. முகத்துத் தோலில் சூட்டை இழந்து திரும்பும் இரத்தம், கண்ணுக்கு அருகே உள்ள ஒரு நுண்குழாய் வலையில், மூளைக்குப் போகும் இரத்தத்தின் பக்கமாக எதிர்த்திசையில் ஓடுகிறது. போகிற இரத்தம் தன் சூட்டில் கொஞ்சத்தை அதனிடம் கொடுத்துவிட்டு மூளைக்குள் நுழைகிறது. மொட்டைத் தலையும் தொங்கும் தாடியும் அந்த வேலைக்குத் தோதான பரப்பு. நிழல் குறைந்த புல்வெளியில் உச்சி வெயிலிலும் தெளிந்த மூளையோடு சுற்றிலும் கண்காணிக்க வேண்டிய பறவைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மனிதர்களோடு இதன் பழக்கம் பழையது. பண்டைய எகிப்தின் சித்திர எழுத்துகளில் கின்னிக்கோழி ஒரு குறியாகவே நிற்கிறது, தலைமேடும் தாடியுமாக அடையாளம் தெரியும்படி. இதன் முட்டையில் புள்ளி உண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். கிரேக்கர்களின் லெரோஸ் தீவில் ஆர்டெமிஸ் தெய்வத்தின் கோயிலில் இதைப் புனிதமாக வளர்த்தார்கள். மெலீகர் என்ற வீரன் இறந்தபோது அழுது தீர்த்த அவன் சகோதரிகளை அந்தத் தெய்வம் பறவைகளாக்கிவிட்டது என்பது அவர்கள் கதை. அறிவியல் பெயரின் இரண்டாம் பாதி அந்தச் சகோதரிகளைக் குறிப்பதுதான். ரோமானியர் ஆப்பிரிக்கக் கோழி என்று அழைத்து விருந்துக்கு வளர்த்தார்கள். ரோமப் பேரரசு வீழ்ந்த பிறகு ஐரோப்பா இதை ஏறக்குறைய மறந்தே போனது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குக் கப்பலோட்டிய போர்ச்சுகீசியர்தான் மறுபடி கொண்டுவந்தார்கள். இன்று உலகமெங்கும் வீடுகளில் வளர்வது அந்த மேற்கு ஆப்பிரிக்க வகையின் வழிவந்தது. வட ஆப்பிரிக்காவில், மொராக்கோவில் வாழ்ந்த காட்டு வகை அழிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது.

இனி குரலுக்கு வருவோம்.

சேவலையும் பெட்டையையும் உருவத்தால் பிரிப்பது கடினம். நிறம் ஒன்று, புள்ளி ஒன்று, தலைமேடு ஏறக்குறைய ஒன்று. சேவலின் தாடி சற்றுப் பெரியதாகக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும் என்பார்கள், ஆனால் இளம் பறவையில் அதை நம்பி ஜோடி வாங்கினால் இரண்டும் சேவலாகப் போக வாய்ப்புண்டு. காதுதான் சரியான வழி. பெட்டை இரண்டு அசையில் கூப்பிடும்: ‘பக்-வீட், பக்-வீட்’. இரண்டாவது அசை மேலே ஏறும். கூட்டத்தை விட்டுப் பிரிந்துபோன பெட்டை நின்ற இடத்தில் நின்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்லும். சேவலால் இது முடியாது. அதன் குரல் ஒற்றை அசைதான்: ‘செக், செக், செக்’. பயந்துவிட்டால் பெட்டையும் அந்த ஒற்றை அசைக்கு வந்துவிடும் என்பதால், அமைதியான நேரத்தில் காத்திருந்து கேட்க வேண்டும். இரண்டு மாதக் குஞ்சிலேயே இந்த வேறுபாடு காதில் விழத் தொடங்கும்.

பறவைகளுக்கு நம்மைப் போலத் தொண்டையின் மேல்புறத்தில் குரல்நாண் கிடையாது. மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கி இரண்டாகப் பிரியும் இடத்தில் அவற்றின் குரல் உறுப்பு இருக்கிறது. ஒலி அங்கே பிறந்து, நீண்ட மூச்சுக்குழல் வழியாக ஏறி வருகிறது. கின்னிக்கோழிக் குடும்பத்திலேயே கொண்டை வகைகள் சிலவற்றில் அந்தக் குழல் நேராக ஏறாமல், மார்பில் உள்ள கவட்டை எலும்பின் குழிவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறுகிறது. குழல் நீண்டால் ஒலி மாறும் என்பது நாதஸ்வரக்காரருக்குத் தெரிந்த செய்தி. ஓர் எலும்பைக் குடைந்து அதற்குள் குழலை மடித்து வைத்திருக்கிறது அந்தப் பறவையின் உடம்பு.

அந்தக் கரகரப்புக்கும் வெட்டி வெட்டிக் கத்துவதற்கும் என்ன காரணம்? 1955-இல் பீட்டர் மார்லர் என்ற ஆய்வாளர் சிறு பறவைகளின் எச்சரிக்கை ஒலிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். வானத்தில் பருந்து தெரிந்தால் பல சிறு பறவைகள் மெல்லிய, உயர்ந்த, மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் ‘ஸீ’ என்ற ஒலியைத் தருகின்றன. மரத்தில் ஆந்தை உட்கார்ந்திருந்தால் அதே பறவைகள் கடகடவென்று உரத்து, பல அலைவரிசைகள் கலந்த, சடக்கென்று தொடங்கி சடக்கென்று முடியும் ஒலியில் கத்துகின்றன. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நம் மூளை கண்டுபிடிப்பது, ஒரு காதுக்கும் மறு காதுக்கும் அது வந்துசேரும் நேரத்திலும் வலுவிலும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்து. சடக்கென்று தொடங்கும் ஒலியில் அந்த நேர வித்தியாசம் துல்லியமாகக் கிடைக்கும். மெல்ல ஊறிவரும் ஒற்றைச் சுரத்தில் அது கிடைப்பது கடினம். ஆகவே முதல் ஒலி ஒளிந்துகொள்கிறவரின் ஒலி. இரண்டாவது, ‘இங்கே இருக்கிறேன், உன்னையும் பார்த்துவிட்டேன்’ என்று அறிவிக்கிறவரின் ஒலி.

கின்னிக்கோழியின் அலறல் இரண்டாவது வகை. தரையில் கூட்டமாக மேயும் பறவை அது, புல்லுக்கு மேலே தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். எதிரி தரையில் பதுங்கி வருகிறது. பதுங்கி வந்து பாய்வதை நம்பி வாழும் விலங்குக்கு, தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்த கணமே வேட்டை பெரும்பாலும் முடிந்துபோகிறது. இதற்கு நேரடிச் சான்று ஐவரி கோஸ்ட் நாட்டில் தாய் என்று பெயர் கொண்ட காட்டிலிருந்து வந்தது. அங்கே சிறுத்தைகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்த கிளவுஸ் சூபர்ப்யூலரும் அவரோடு பணியாற்றியவர்களும், குரங்குகள் எச்சரிக்கைக் குரல் எழுப்பியவுடன் சிறுத்தை பதுங்கிடத்தை விட்டு எழுந்து போய்விடுவதை 1999-இல் பதிவு செய்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2000-இல், அதே காட்டிலிருந்து அவர் வெளியிட்ட ஆய்வில்தான் கின்னிக்கோழி கதாநாயகனாக வருகிறது. அந்தக் காட்டின் தரையில் கொண்டைக் கின்னிக்கோழிகள் கூட்டமாக மேய்கின்றன, மேலே மரங்களில் டயானா குரங்குகள். கோழி அலறினால் குரங்குகள் அதைச் சிறுத்தை வந்ததன் அறிகுறியாக எடுத்துக்கொண்டு தாங்களும் சிறுத்தைக்கான குரலில் கத்தும். ஆனால் கோழி சிறுத்தையைக் கண்டு மட்டும் அலறுவதில்லை, துப்பாக்கியோடு வரும் வேட்டைக்காரரைக் கண்டும் அலறும். மனிதரைக் கண்டால் டயானா குரங்குகளின் வழக்கம் நேர்மாறானது. சத்தமே போடாமல் கிளைகளுக்குள் மறைந்துவிடும், ஏனென்றால் கத்தினால் குண்டு வரும். அப்படியானால் கோழியின் அலறலைக் கேட்ட குரங்கு என்ன செய்ய வேண்டும்?

சூபர்ப்யூலர் காட்டில் ஒலிபெருக்கியை மறைத்து வைத்தார். சில குரங்குக் கூட்டங்களுக்கு முதலில் சிறுத்தையின் உறுமலைக் கேட்க வைத்தார். வேறு சில கூட்டங்களுக்கு மனிதப் பேச்சு. சில நிமிடங்கள் கழித்து, அதே திசையிலிருந்து கின்னிக்கோழியின் அலறல். ஒலிப்பதிவு ஒன்றே, கேட்டவர்கள் நடந்துகொண்டதுதான் வேறு. உறுமலைக் கேட்டிருந்தவை சிறுத்தை சிறுத்தை என்று கத்தின. மனிதப் பேச்சைக் கேட்டிருந்தவை மூச்சு விடவில்லை. கோழியின் குரலை அவை வெறும் ஒலியாகக் கேட்கவில்லை. அந்தக் கோழி எதைப் பார்த்துக் கத்துகிறது என்று யோசித்து, அந்தக் காரணத்துக்குத்தான் பதில் கொடுத்தன. விலங்குகளின் அறிவைப் பற்றி நான் படித்த ஆய்வுகளில் இவ்வளவு எளிமையாக, இவ்வளவு தெளிவாகச் செய்யப்பட்டவை சிலவே.

  

காட்டில் பிறந்து வளர்ந்த பறவை சிறுத்தையைக் கண்டு அலறுவது சரி. பேரணாம்பட்டுக் கொல்லையில் பிறந்தது ஏன் அதே குரலில் அலறுகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. கின்னிக்கோழிப் பெட்டை முட்டையைப் புதருக்குள் ஒளித்து இடும். ஒரே குழியில் இரண்டு மூன்று பெட்டைகள் சேர்ந்து இடுவதும் உண்டு. அடை காப்பதில் அவ்வளவு அக்கறை இல்லை என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள், குஞ்சையும் ஈரப் புல்லில் இழுத்துக்கொண்டு போய் இழந்துவிடும். ஆகவே முட்டைகளைத் தேடி எடுத்து நாட்டுக்கோழிக்கு அடை வைப்பார்கள். நாட்டுக்கோழி முட்டைக்கு 21 நாள் என்றால் இதற்கு 26 முதல் 28 நாள். ஓடும் உறுதியானது. கோழி முட்டையின் ஓட்டில் சுண்ணப் படிகங்கள் தூண் தூணாக நேரே நிற்கின்றன, விரிசல் அவற்றுக்கு இடையே எளிதாக ஓடிவிடும். கின்னிக்கோழி முட்டையின் ஓட்டில் வெளிப்பக்கத்துப் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்வதால் விரிசலுக்கு நேர்வழி கிடைப்பதில்லை. சமையற்கட்டில் உடைத்துப் பார்த்தவர்களுக்குக் கை சொல்லும்.

அந்தக் குஞ்சு கண் விழித்தது முதல் நாட்டுக்கோழியின் ‘கொக் கொக்’ சத்தத்தைத்தான் கேட்டு வளர்கிறது. சுற்றிலும் ஒரு கின்னிக்கோழிகூட இல்லாமல் போகலாம். இருந்தாலும் அது வளர்ந்ததும் ‘பக்-வீட்’ என்றுதான் கூப்பிடும். குரலைக் கேட்டுக் கற்கிற வரம் பறவைகளில் பாடும் பறவைகளுக்கும் கிளிகளுக்கும் தேன்சிட்டைப் போல மலரில் தேன் குடிக்கும் அமெரிக்க ஓசனிச்சிட்டுகளுக்கும்தான் வாய்த்திருக்கிறது. கோழிக் குடும்பத்துக்கு அது இல்லை. அவற்றின் குரல் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது.

எங்கே அமைகிறது என்று காட்டிய சோதனை 1988-இல் வெளியானது. இவான் பாலபன், மரி-எமே தெய்யே, நிக்கோல் லெ துவாரென் ஆகிய மூவர் அதைச் செய்தார்கள். முட்டைக்குள் இருக்கும் கோழிக் கருவில், மூளையாகப் போகும் பகுதியில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, காடைக் கருவின் அதே துண்டை அங்கே வைத்தார்கள். பொரித்து வந்தது உருவத்தில் கோழிக்குஞ்சு. ஹார்மோன் கொடுத்துக் கூவ வைத்தபோது சில குஞ்சுகள் கோழியைப் போல் கூவவில்லை, காடையின் தாளத்தில் கூவின. காடையின் குரலை அவை ஒருபோதும் கேட்டதில்லை. பின்னர் 1997-இல் பாலபன் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். மாற்றிவைத்த மூளைத் துண்டு ஓரிடத்தினுடையது என்றால் குரலின் அமைப்பு காடையினுடையது ஆனது. வேறிடத்தினுடையது என்றால் குரல் கோழியினுடையதாகவே இருக்க, கூவும்போது தலையை ஆட்டும் விதம் மட்டும் காடையினுடையது ஆனது. ஓர் இனத்தின் குரல் அதன் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், கைக்குள் எடுத்து மாற்றிவைக்கக்கூடிய அளவுக்குப் பொருளாக இருக்கிறது. நம் தோப்பில் நாட்டுக்கோழி அடைகாத்துப் பொரித்த கின்னிக்கோழிக்குள்ளும் மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியின் ஒலி அப்படித்தான் முட்டையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பறவை ஏன் இவ்வளவு பேசுகிறது என்பதற்குக் கென்யாவிலிருந்து ஒரு விடை உண்டு. அங்கே ம்பாலா ஆய்வு மையத்தில் கழுகுத்தலைக் கின்னிக்கோழி என்ற இன்னொரு இனத்தில் நானூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு அடையாளம் கட்டி, டனாய் பாபஜார்ஜியூ, டேமியன் பரைன் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பறவைகள் 18 நிலையான குழுக்களாகப் பிரிந்திருந்தன. யார் எந்தக் குழு என்பது மாறவில்லை. அதோடு, குறிப்பிட்ட குழுக்கள் குறிப்பிட்ட குழுக்களோடு மட்டும் விரும்பிச் சேர்ந்தன, இரவில் ஒரே மரத்தில் கலந்து அடைந்தாலும் காலையில் தத்தம் குழுவாகப் பிரிந்து போயின. குடும்பம், உறவுக் குடும்பம் என்று அடுக்கடுக்கான சமூகம் பெரிய மூளை உள்ள மனிதருக்கும் குரங்குக்கும் யானைக்கும்தான் சாத்தியம் என்று நம்பியிருந்தவர்களுக்கு, 2019-இல் வெளியான அந்தக் கட்டுரை பெரிய வியப்பு. அடுத்த ஆண்டு அதே குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். வலுத்த சேவல்கள் நல்ல இரை கிடைத்த இடத்தை வளைத்துக்கொண்டு மற்றவற்றை விரட்டினால், விரட்டப்பட்ட பறவைகள் வேறு திசையில் நடக்கத் தொடங்குகின்றன. கூட்டம் அவற்றின் பின்னால் போகிறது. வலுத்தவையும் இரையை விட்டுவிட்டு வந்தாக வேண்டும், தனியாக நிற்கிற பறவையை எதிரி எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட வாழ்க்கையில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஓயாமல் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வது தேவை. கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு பெட்டை தோப்பு மூலையில் நின்று ‘பக்-வீட்’ என்று அரைமணி நேரம் கத்துவது அதனால்தான். அதைத் துரத்தாமல் மற்றவை இருக்கும் பக்கம் ஓட்டிவிட்டால் நிறுத்திவிடும்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கின்னிக்கோழி இருந்தால் பாம்பே வராது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. பாம்பைக் கண்டால் கூட்டமாகச் சூழ்ந்து அலறும், சிறியதைக் கொத்தவும் செய்யும், நமக்குத் தெரிந்துவிடும். பயன் அவ்வளவுதான், அதுவே பெரிது. உண்ணி தின்னும் என்பதும் அளவோடு உண்மை. அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1992-இல் செய்த ஆய்வில் இவை மேய்ந்த புல்தரைகளில் முதிர்ந்த உண்ணிகள் குறைந்தன. பின்னால் நடந்த ஆய்வில், நோயை அதிகம் பரப்பும் சின்ன உண்ணிகள் குறையவில்லை.

இப்போது பேரணாம்பட்டு மலையடிவாரத்துக்குத் திரும்பினால், அங்கே ஒரு சோதனை தானாகவே நடந்துகொண்டிருக்கிறது. தோப்போரங்களில் நம் நாட்டுக் குரங்குகள் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. அவை பிறர் பேச்சைக் கேட்கத் தெரிந்தவை. முதுமலைப் பகுதியில் உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் ஒலிப்பதிவுகளை ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது, அந்தக் குரங்குகள் தம் இனத்தின் எச்சரிக்கைக்கு மட்டுமல்ல, கருமந்தியின் எச்சரிக்கைக்கும் கடமானின் எச்சரிக்கைக்கும் ஓடி மரமேறின. 2000-இல் வெளியான முடிவு அது. மந்தியும் கடமானும் அவற்றோடு எத்தனையோ தலைமுறையாக ஒரே காட்டில் வாழ்பவை. கின்னிக்கோழியோ நேற்று வந்தது. வேறு கண்டத்தில் அமைந்த ஒரு சிறுத்தை எச்சரிக்கையை நம் ஊர்க் குரங்கு புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறதா, அல்லது காது கொடுக்காமல் மாங்காயைத் தின்றுகொண்டிருக்கிறதா? இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கோழி அலறிய நேரம், அருகில் குரங்கு இருந்ததா, இருந்தால் தலையைத் தூக்கியதா, மரமேறியதா, கோழிகள் எதைக் கண்டு அலறின என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு தேடுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை. குரங்கு தினமும் வருகிற ஒரு தோப்பையும், குரங்கு இருந்தும் கின்னிக்கோழி இல்லாத இன்னொரு தோப்பையும் தேர்ந்தெடுத்து, இரண்டிலும் ஒரே அலறலைக் கைப்பேசியில் பதிந்து ஒலிக்கவிட்டுப் பார்க்கலாம். இரண்டு கூட்டமும் ஒரேமாதிரி நடந்துகொண்டால் ஒரு விடை, வேறுவேறாக நடந்துகொண்டால் இன்னொரு விடை. மாங்காய் காய்க்கிற மாதங்களில் குரங்குகள் எப்படியும் தோப்பிலேயேதான் இருக்கும்.